கிகாலியில் இறங்கிய விமானங்கள்

வணக்கம் நேயர்களே. 1994-இல் ருவாண்டாவில் நூறே நாளில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கு சொல்கிறது. பெரும்பாலோர் சிறுபான்மை டுட்சி இனத்தவர், கொன்றவர்கள் பெரும்பான்மை ஹுட்டு இனத்துத் தீவிரவாதிகள். கொலைக்கு உடன்படாத ஹுட்டுக்களும் தப்பவில்லை. இந்தப் பேச்சு வந்தாலே, உலகம் கைகட்டி வேடிக்கை பார்த்தது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்று வல்லரசுகள் உட்கார்ந்து முடிவெடுத்தன.

ஏப்ரல் 6 இரவு ருவாண்டா ஜனாதிபதி ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, கொலைகள் தொடங்கின. மறுநாள் ஐ.நா. அமைதிப்படையில் இருந்த பெல்ஜிய வீரர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களிலேயே பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் தலைநகர் கிகாலியில் வந்து இறங்கின. வெளிநாட்டவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டன. ஆக, படையும் இருந்தது, விமானமும் இருந்தது, வேகத்துக்கும் குறைவில்லை.

கிகாலியின் கிச்சுகிரோ பகுதியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளி. பெல்ஜிய அமைதிப்படையினர் அங்கே முகாமிட்டிருந்ததால், அவர்களை நம்பி சுமார் 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று பிரெஞ்சுப் படை வந்து அங்கிருந்த வெளிநாட்டவரை அழைத்துப் போனது. பெல்ஜிய வீரர்களுக்கும் புறப்படச் சொல்லி உத்தரவு. போகாதீர்கள் என்று மக்கள் வண்டிகளுக்குக் குறுக்கே படுத்தார்கள். வீரர்கள் வானத்தை நோக்கிச் சுட்டு வழி உண்டாக்கிக்கொண்டு போனார்கள். வெளியே இண்டரஹாம்வே என்ற ஹுட்டு ஆயுதக் கும்பல் காத்திருந்தது. அன்றைக்கே பெரும்பாலானவர்களை நியான்சா வரை நடத்திப் போய்க் கொன்றார்கள்.

அப்புறம் ஐ.நா. பாதுகாப்பு சபை. அமைதிப்படைத் தளபதி ரோமியோ டலேர் கூடுதல் படை கேட்டுக்கொண்டிருந்தார். சபையோ ஏப்ரல் 21 அன்று, சுமார் 2,500 பேராக இருந்த படையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. அந்த வருடம் சபையில் ருவாண்டாவுக்கும் ஓர் இடம் இருந்தது. கொலைகளை நடத்திய அரசின் பிரதிநிதி அங்கேயே உட்கார்ந்து, யாரும் குறுக்கே வரப்போவதில்லை என்பதை நேரில் தெரிந்துகொண்டார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஒலிவாங்கி முன் அமர்ந்து சொல்லக் கூசுகிறது: அந்தக் கொலைகளுக்கு ஆள் காட்டிக் கொடுத்ததே ஒரு வானொலிதான். யார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று ஆர்.டி.எல்.எம். என்ற அந்த ஹுட்டு தீவிரவாத வானொலி பெயர் சொல்லி ஒலிபரப்பியது. அதை விமானத்திலிருந்து முடக்கலாமா என்று அமெரிக்க அதிகாரிகள் யோசித்தார்கள். மணிக்கு 8,500 டாலர் ஆகும், அப்படியும் பெரிதாகப் பலன் இருக்காது என்று பென்டகன் மே மாதம் எழுதிக் கொடுத்தது. திட்டம் அத்தோடு நின்றது.

சரி, சிறு படையால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. சபை சொன்னது 270 என்றாலும், டலேருடன் கடைசியில் தங்கியவர்கள் சுமார் 450 பேர். அதில் பெரும்பகுதி கானா நாட்டு வீரர்கள். ஆயுதமும் உணவும் போதாத அந்த நிலையிலும் அமஹோரோ விளையாட்டரங்கில் மட்டும் ஆயிரக்கணக்கானோரைக் காத்தார்கள். மே 17 அன்று சபை மனம் மாறி 5,500 பேருக்கு அனுமதி தந்தது. அந்தப் படை உரிய நேரத்தில் வந்து சேரவே இல்லை, ஜூலையில் டுட்சிகள் தலைமையிலான ஆர்.பி.எஃப். போராளிகள் நாட்டைப் பிடித்த பிறகுதான் கொலைகள் நின்றன.