உதயகிரிக் கோட்டையில் ஒரு கைதியின் கல்லறை

எல்லோருக்கும் வணக்கம். காற்று பலமாக அடிக்கிறது, குரல் சரியாகக் கேட்காவிட்டால் ஹெட்செட் போட்டுக்கொள்ளுங்கள். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் நிற்கிறேன். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற சாலையில், தக்கலைக்குக் கொஞ்சம் முன்னால். உள்ளே இப்போது வனத்துறையின் பூங்கா. வருகிறவர்கள் மானைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். நான் வந்தது இதற்கு. இந்தக் கூரையில்லாத சின்ன கிறிஸ்தவக் கோயிலுக்குள் இருக்கிறதே, இந்தக் கல்லறை. கல்லில் தமிழும் இருக்கிறது, லத்தீனும் இருக்கிறது, பாருங்கள். இது டிலனாயின் கல்லறை.

1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி. கைதியாக வந்தவர், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய கேப்டன், ஆனார். அதெல்லாம் பாடப்புத்தகக் கதை. எனக்கு வேண்டியது, இவர் நீலகண்டனிடம் பேசிய பேச்சு.

நட்டாலத்துக்காரர் நீலகண்டன், 1712-இல் பிறந்தவர், அரசுப் பணியாளர். அடுத்தடுத்து மாடுகள் சாகின்றன, பயிர் போகிறது. மனிதர் இடிந்துபோய் வருகிறார். டிலனாய் அவருக்கு பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். ஆடு, மாடு, பிள்ளைகள் என்று எல்லாம் ஒரே நாளில் போன மனிதனின் கதை. மாட்டை இழந்தவனிடம் மாட்டை இழந்தவன் கதை! எனக்கு இதுதான் பிடித்தது.

ஏன் என்றால், நான் செய்தது நேர் எதிர். ஞானஸ்நானம் எடுத்த புதிது. பார்க்கிறவர்கள் எல்லோரையும் அன்றைக்கே கோயிலுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று ஒரு வேகம். அப்போது ஒரு மழையில் நண்பனின் பலசரக்குக் கடைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அவன் நனைந்த அரிசியைத் தார்ப்பாயில் பரப்பிக்கொண்டிருக்கிறான், நான் பக்கத்தில் நின்று பைபிள் வசனம் சொல்கிறேன். ஒரு மூட்டையின் மூலையைக்கூடப் பிடிக்கவில்லை. அவன் நிமிர்ந்து பார்க்காமலே, “டேய், அந்த முறத்தை எடு” என்றான். எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் வசனம் சொன்னேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் கெடுத்தார்கள். நான் முதல் நாளே கெடுத்துவிட்டேன்.

சரி, நீலகண்டனுக்கு வருவோம். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது டிலனாய் அவரை வடக்கன்குளத்துக்கு, பரஞ்சோதிநாதர் என்று நம் ஊர் அழைத்த இத்தாலியக் குருவிடம் அனுப்பினார். 1745 மே 14 அன்று ஞானஸ்நானம். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அப்புறம் மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார். அதற்கான விலையும் சின்னதல்ல: எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம். அந்த மலைக்குத் தனி வீடியோ போடுகிறேன், ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

அந்த நண்பன்? அவன் கோயிலுக்கு வருவதில்லை. இரண்டு வருடம் என்னோடு பேசவும் இல்லை. போன தீபாவளி நெருக்கடியில் கடையில் ஆள் இல்லாமல் திண்டாடினான். நான் போய் நான்கு நாள் பொட்டலம் மடித்தேன், வசனம் கிசனம் ஒன்றும் இல்லை. கடைசி நாள் ராத்திரி ஷட்டரை இறக்கும்போது, “அந்த யோபு கடைசியில் என்ன ஆனான்டா?” என்று கேட்டான்.

இருங்கள், ஹாரன் கேட்கிறதா? அவன்தான். வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தவனே அவன்தான், வெயிலில் நிற்கவைத்துவிட்டேன். வருகிறேன்.