செப்டிக் டேங்கின் குழாய்களைக் கொஞ்சம் கவனியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். செப்டிக் டேங்க் என்று வந்ததும், எத்தனை அடி ஆழம் என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே எந்தக் குழாய் எந்த உயரத்தில் வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாளைக்கு ஒரு மனிதர் அதற்குள் இறங்க வேண்டி வருமா, வராதா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

டேங்கில் கனமான கழிவு அடியில் சேறாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் இருக்கும் ஓரளவு தெளிந்த நீர் மட்டும்தான் வெளியே போக வேண்டும். அதனால்தான் உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் டி, அதாவது T எழுத்து வடிவ இணைப்புக் குழாய், போடச் சொல்கிறோம். பல இடங்களில் சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை அப்படியே நீட்டி விட்டுவிடுகிறார்கள். அப்போது மிதக்கும் ஆடை நேராக வெளியேறி உறிஞ்சு குழியை அடைத்துவிடும். டியின் மேல்வாய் ஆடைக்கு மேலே திறந்திருக்க வேண்டும். உள்ளே வரும் பக்கத்து டியின் கீழ்க்கால் நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் ஓர் அடி இறங்க வேண்டும். வெளியே போகும் குழாய், உள்ளே வரும் குழாயைவிட 50 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதியிலேயே இதெல்லாம் இருக்கிறது.

கழிப்பறையிலிருந்து வரும் 4 அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு இரண்டு, மூன்று அங்குலம் வாட்டம், அதாவது சரிவு, போதும். திரும்பும் இடத்தில் சட்டென்று மடங்கும் ஒரே எல்போ வேண்டாம், இரண்டு 45 டிகிரி பெண்ட் போடுங்கள். அடைப்பு வந்தால் திறந்து குத்திவிட வெளியே ஒரு மூடி இருக்கட்டும்.

காற்றுக் குழாய் குறைந்தது 50 மில்லிமீட்டர் விட்டம். வீடு 15 மீட்டருக்குள் இருந்தால், அது கட்டடத்தின் உச்சியைவிட 2 மீட்டர் மேலே போக வேண்டும். வாயில் வலை கட்டாயம் கட்டுங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு செப்டிக் டேங்கிலும் பெருகும்.

அப்புறம், நான் கெஞ்சிக் கேட்கும் ஒன்று. டேங்கின் மேல் ஸ்லாப் போடும்போதே, டேங்கின் ஒவ்வோர் அறைக்கு மேலும் 6 அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்து, இறுக்கமான மூடி போடுங்கள். கழிவெடுக்க வரும் லாரியின் உறிஞ்சு ஹோஸ் அதன் வழியாகவே அடிவரை இறங்கிவிடும். ஸ்லாப்பை உடைத்து ஆளை இறக்கும் பேச்சே வராது. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கியவர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் இறந்திருக்கிறார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் கசிவு அதிகம். பிவிசியின் வழவழப்பில் சிமென்ட் பிடிக்காது. அந்த இடத்தில் சால்வென்ட் என்ற குழாய் ஒட்டும் பசையைத் தடவி மணலைத் தூவிக் காய விட்டுப் பூசச் சொல்லுங்கள். ஸ்லாப் போடுவதற்கு முன் இரண்டு குழாய்களையும் அடைத்து, அவை முழுகும்வரை தண்ணீர் நிரப்புங்கள். சுவர் முதலில் கொஞ்சம் நீர் குடிக்கும். அது நின்ற பிறகு நீர்மட்டத்தில் கோடு போட்டு, மறுநாள் பாருங்கள். கோட்டிலிருந்து இறங்கியிருந்தால், பூச்சை அன்றே சரி செய்துவிடலாம். நன்றி, வணக்கம்.