108-ல வர்ற இ.எம்.டி.க்கு எவ்வளவு பயிற்சி போதும்?

[திரையில்: 108 ஆம்புலன்ஸின் உள்பக்கம். ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், அம்பு பேக்.]

108 ஆம்புலன்ஸ்ல ரெண்டு பேர் வருவாங்க. ஓட்டுறவர் பைலட். பின்னாடி நோயாளியோட உட்கார்றவர் இ.எம்.டி., அதாவது எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன். அவர் டாக்டர் இல்ல. ஆனா ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் அந்த உயிர் அவர் பொறுப்பு.

தமிழ்நாட்டுல இந்த வேலைக்கு நர்சிங் படிச்சவங்க மட்டுமில்ல, பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல் முடிச்சவங்களும் வரலாம். தேர்வானா வகுப்பறை, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ்னு சுமார் 50 நாள் பயிற்சி. இது குறைவா? அமெரிக்காவுல ஆரம்பநிலை இ.எம்.டி. படிப்பே 150 மணி நேரத்தை ஒட்டித்தான். அதனால நாள் கணக்கை மட்டும் வெச்சு நம்ம ஆட்களைக் குறைச்சுப் பேசுறது நியாயமில்ல.

கேட்க வேண்டியது வேற. படிச்சது ஆறு மாசம் கழிச்சும் கையில இருக்கான்னு யார் பார்க்குறாங்க?

[திரையில்: பொம்மையின் மேல் அம்பு பேக் அழுத்தும் கைகள். ஓரத்தில் நொடிக் கணக்கு.]

அம்பு பேக்கையே எடுத்துக்குவோம். மூச்சு விட முடியாதவருக்குக் கையால அழுத்திக் காத்து கொடுக்குற பை அது. பெரியவங்களுக்கான பை ஒன்றரை லிட்டர் வரைக்கும் பிடிக்கும். ஒரு மூச்சுக்குத் தேவை அரை லிட்டர்தான். இதயம் நின்னவருக்கு மூச்சுக்குழாய்ல டியூப் போட்டாச்சுன்னா, 6 நொடிக்கு ஒரு தடவை மெதுவா அழுத்தினா போதும். பதற்றத்துல கை வேகமாயிடும். அப்போ நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் குறைஞ்சிடும். மேல இன்னொருத்தர் எவ்வளவு சரியா நெஞ்சை அமுக்கினாலும் பலன் போயிடும்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துல இதை அளந்தே பார்த்தாங்க. 2004-ல வெளியான ஆய்வு. நிமிஷத்துக்கு 12 மூச்சுன்னு கத்துக்கிட்ட, அனுபவமுள்ள ஆம்புலன்ஸ் பணியாளர்கள் சராசரியா 37 கொடுத்துக்கிட்டிருந்தாங்க. திரும்பப் பயிற்சி கொடுத்த பிறகும் 22-க்குத்தான் இறங்குச்சு. எனக்கு இந்த 22 தான் பயமா இருக்கு. தெரியாம செஞ்ச தப்பில்ல இது, தெரிஞ்சும் கை கேட்கலை.

சி.பி.ஆர்., அதாவது நெஞ்சை அமுக்கி, மூச்சு கொடுத்து உயிரைக் காப்பாத்துற திறமை, சில மாசத்துலயே மங்கிடும்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லுது. அதனாலதான் அமெரிக்க இதயச் சங்கம் ரெண்டு வருஷச் சான்றிதழோட நிக்காம, மூணு மாசத்துக்கு ஒரு சின்னப் பயிற்சின்னு ஒரு திட்டமும் நடத்துது. அமுக்குற ஆழம் 5 செ.மீ. வந்துச்சா, வேகம் நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120-க்குள்ள இருக்கான்னு பயிற்சிப் பொம்மையே காட்டிடும்.

[திரையில்: 2021 சட்டத்தின் முகப்பு.]

இந்தியாவுல 2021-ல இணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்துச்சு. அவசரகால மருத்துவத் தொழில்நுட்பப் பணியும் அதோட பட்டியல்ல இருக்கு. இணை சுகாதாரப் பணியாளர்னு சொல்லிக்கக் குறைஞ்சது 2,000 மணி நேரப் படிப்பு வேணும்ங்குது. நல்ல அளவுகோல்தான். ஆனா இன்னைக்கு ராத்திரி ஷிப்டுக்கு ஏறப்போற இ.எம்.டி., பட்டம் படிச்சிட்டு வரப்போறதில்ல. ஒவ்வொரு மாவட்டத்துலயும் அளந்து காட்டுற ஒரு பயிற்சிப் பொம்மை, மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பொம்மையில அரை மணி நேரப் பயிற்சி, அந்த நேரத்துக்கும் சம்பளம். இதை இப்பவே ஆரம்பிக்கலாம்.