கீவ் நகரத்துத் தற்காப்பு வீரர் அலெக்ஸி ஷித்னிக்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். உக்ரைனின் தலைநகரான கீவில் 1972ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிறந்து, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் 1085 ஆட்டங்கள் ஆடிய அலெக்ஸி ஷித்னிக் என்ற ஐஸ் ஹாக்கி வீரரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஒலிம்பிக்கில் இவர் இரண்டு பதக்கங்கள் பெற்றார். அவற்றில் ஒன்றுகூட உக்ரைன் கொடியின் கீழ் வந்ததன்று. ஆயினும் உக்ரைனிய ஹாக்கியின் வரலாற்றை எழுதுகிறவர் இவருக்குத் தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஐஸ் ஹாக்கியைப் பார்த்தறியாத நேயர்களுக்காக ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். ஏறத்தாழ 61 மீட்டர் நீளமுள்ள பனித்தளத்தில், ஓர் அணிக்கு ஒரு கோல்கீப்பர், இரண்டு தற்காப்பு வீரர்கள், மூன்று முன்கள வீரர்கள் என ஆறு பேர் சறுக்குக் காலணிகளுடன் நிற்பார்கள். ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வில்லையை மட்டையால் அடித்து வலைக்குள் சேர்க்க வேண்டும். 20 நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். வேகம் அவ்வளவு கடுமையானது என்பதால் ஒரு வீரர் முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்குவார், பிறகு மீண்டும் இறங்குவார். இப்படிப் பலமுறை இறங்கி ஏறி, ஓர் ஆட்டத்தில் மொத்தம் 25 நிமிடங்களை ஒட்டிக் களத்தில் நிற்கும் தற்காப்பு வீரர் அந்த அணியின் முதுகெலும்பு என்றே சொல்லலாம். ஷித்னிக் தம் சிறந்த ஆண்டுகளில் அப்படிப்பட்டவராக இருந்தார். எதிரணி வீரர் ஒருவர் தவறிழைத்துத் தண்டனையாக வெளியே உட்காரும் இரண்டு நிமிடங்களில், எதிரணிப் பகுதியின் எல்லையைக் குறிக்கும் நீலக் கோட்டருகே நின்று ஆட்டத்தை நடத்தி, தொலைவிலிருந்தே வலையை நோக்கிப் பலமாக அடிப்பதும் அவர் பொறுப்பாகவே இருந்தது.

அவரை உருவாக்கியது கீவின் சோகில் கழகம். சோவியத் ஹாக்கியில் மாஸ்கோவின் கழகங்களே அரசாண்ட காலத்தில், 1985இல் சோவியத் லீக்கின் வெண்கலப் பதக்கத்தை வென்று உக்ரைனிலும் இந்த ஆட்டம் வேரூன்றியிருக்கிறது என்று காட்டிய கழகம் அது. பதினேழு வயதிலேயே சோகிலின் முதல் அணியில் ஆடத் தொடங்கிய ஷித்னிக், 1991இல் மாஸ்கோவின் ராணுவக் கழகமான சிஎஸ்கேஏவுக்குச் சென்றார். பிற குடியரசுகளின் திறமையான இளைஞர்கள் தலைநகருக்கு இழுக்கப்படுவது அந்த நாட்டில் பல்லாண்டு வழக்கம். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணி, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திரத் தேர்வில், 81ஆவது இடத்தில் அவருடைய பெயரை எடுத்தது.

அந்தக் குளிர்காலத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1991 டிசம்பர் இறுதியில் ஜெர்மனியில் தொடங்கிய இளையோர் உலகப் போட்டிக்கு அவருடைய அணி சோவியத் ஒன்றியத்தின் அணியாகச் சென்றது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அந்த நாடு இல்லாமற்போக, சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பு என்ற பெயரில் தங்கம் வென்றது. அடுத்த மாதமே பிரான்சின் ஆல்பெர்வில் ஒலிம்பிக். முன்னாள் குடியரசுகளின் வீரர்கள் ‘ஒருங்கிணைந்த அணி’ என்ற பெயரில் ஒலிம்பிக் கொடியின் கீழ் ஆடினர். பயிற்சியாளர் விக்டர் திக்கோனவ். இறுதியாட்டத்தில் கனடாவை 3-1 என்று வென்றபோது ஷித்னிக்குக்கு வயது பத்தொன்பது. தன் நாடு எது என்று பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் முடிவு செய்வதற்கு முன்பே, அவர் கழுத்தில் தங்கப் பதக்கம் ஏறிவிட்டது.

1992 இலையுதிர் காலத்தில் அவர் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தார். ஹாக்கியின் பெரும் நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கி ஆடிய அணி அது. முதுகுக் காயத்தால் கிரெட்ஸ்கி பருவத்தின் முதற்பாதியை இழந்திருந்த அந்த ஆண்டில், புதுமுகமான ஷித்னிக் 12 கோல்கள் அடித்து, 36 கோல்களுக்குத் துணைநின்றார். தற்காப்பு வீரர் ஒருவரின் முதற்பருவத்துக்கு இது மிக உயர்ந்த கணக்கு. அணி, லீக்கின் வாகையர் பட்டமான ஸ்டான்லி கோப்பையின் இறுதிச்சுற்றுவரை சென்று, மூன்று ஆட்டங்களைக் கூடுதல் நேரத்தில் பறிகொடுத்து, மாண்ட்ரியலிடம் 4-1 எனத் தோற்றது.

1995 பிப்ரவரியில் பல வீரர்கள் கைமாறிய ஒரு பரிமாற்றத்தில் அவர் பஃபலோ சேபர்ஸுக்குச் சென்றார். அவர் வாழ்க்கையின் செழிப்பான பகுதி அங்கேதான். அந்த அணியின் கோல்கீப்பர், செக் நாட்டவரான டொமினிக் ஹாசெக். தம் காலத்தின் மிகச் சிறந்த கோல்கீப்பர் என்று போற்றப்பட்டவர் அவர். அவருக்கு முன்னால் நின்று ஆண்டுக்கணக்கில் காவல் காத்தவர்களுள் ஷித்னிக் முதன்மையானவர். இந்த இணைக்கு 1998 பிப்ரவரியில் ஒரு கடுஞ்சோதனை வந்தது. ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ரஷ்ய அணியில் ஷித்னிக். எதிரே செக் வலையைக் காத்து நின்றவர் ஹாசெக். பெட்ர் ஸ்வோபோடா அடித்த ஒரே கோலால் செக் அணி 1-0 என்று வென்றது. பஃபலோவில் தினமும் பயிற்சியில் எதிர்கொண்ட கோல்கீப்பரிடமிருந்து ஒரு கோல்கூட எடுக்க முடியாமல், ஷித்னிக் வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார். அந்தப் பருவத்தில் லீக்கில் அவர் 15 கோல்கள் அடித்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே வசந்தத்தில் கிழக்குப் பிரிவின் இறுதிச்சுற்றில் பஃபலோவை வீழ்த்தியது வாஷிங்டன் கேபிடல்ஸ். அந்த அணியின் கோல் வேட்டைக்காரரான பீட்டர் போண்ட்ராவும் உக்ரைனில்தான், லுட்ஸ்க் நகரில் பிறந்தவர், வளர்ந்தது ஸ்லோவாக்கியாவில். லீக்கில் போண்ட்ரா ஆடியவை 1081 ஆட்டங்கள். ஷித்னிக்கின் எண்ணிக்கை அதைவிட நான்கே அதிகம். ஆனால் போண்ட்ராவின் ஆட்டம் வேறொரு நாட்டின் பள்ளியில் உருவானது, ஷித்னிக்கின் ஆட்டம் கீவின் பனித்தளத்திலேயே உருவானது.

1999இல் பஃபலோ ஸ்டான்லி கோப்பையின் இறுதிச்சுற்றுக்கு வந்தது. டல்லாஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரத்திற்குள் போய், நள்ளிரவைத் தாண்டிய பிறகு பிரெட் ஹல் அடித்த கோலில் முடிந்தது. அப்போது ஹல்லின் கால் கோல்கீப்பரின் எல்லைக்குள் இருந்தது. அன்றைய விதிப்படி அது செல்லுமா செல்லாதா என்ற வாதம் பஃபலோ நகரில் இன்னும் ஓயவில்லை. அந்த விதியையே லீக் அதன்பின் கைவிட்டது. என்னைப் பொறுத்தவரை, அவ்வளவு நீண்ட இரவு முழுதும் களத்தில் உழைத்த தற்காப்பு வீரர்களுக்கு அந்த முடிவு மிகக் கொடியது. ஷித்னிக் அதன்பின் எந்த இறுதிச்சுற்றையும் காணவில்லை.

பிந்தைய ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். லீக் முடங்கிய 2004-05 பருவத்தில் அவர் ரஷ்யாவின் கசான் நகரில் ஆடினார். பிறகு நியூயார்க் ஐலாண்டர்ஸ், பிலடெல்பியா, அட்லாண்டா ஆகிய அணிகள். 2008 முதல் 2010 வரை மாஸ்கோ டைனமோ. வட அமெரிக்க லீக்கில் மொத்தம் 96 கோல்கள், 375 துணைகள்.

2002ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் உக்ரைன் தன் சொந்தக் கொடியுடன் ஐஸ் ஹாக்கி ஆடியபோது, சோகிலில் வளர்ந்த மற்றொருவரான டிமிட்ரி கிரிஸ்டிச் அந்த அணியில் இருந்தார். ஷித்னிக் இல்லை. அவர் ஏற்கெனவே ரஷ்யாவுக்கு ஆடியவர். ஒரு நாட்டுக்கு ஆடிய வீரர் இன்னொரு நாட்டுக்கு மாறுவதை உலகக் கூட்டமைப்பின் விதிகள் எளிதில் அனுமதிப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் முன்னாள் சோவியத் வீரர்கள் பலருக்கும் இப்படி ஒரு பக்கம் சாய வேண்டிய நிலை வந்தது. உக்ரைனின் அணியோ அப்போதுதான் கீழ்ப்பிரிவிலிருந்து ஏறத் தொடங்கியிருந்தது. இதை வைத்து அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சிஎஸ்கேஏவில் அவர் ஆடியது ஒரே பருவம். அதற்கு முன் அவர் கற்றதெல்லாம் சோகிலில் கற்றது. ஆகவே அந்த 1085 ஆட்டங்களைக் கீவ் உரிமையோடு தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.