கேரம் போர்டு அளவு கூண்டு, 50 ரூபாய் அபராதம்: நாய்க்குட்டி வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

(திரையில்: தரையில் ஒரு கேரம் போர்டு. அதன் மேல் ஒரு பீகிள் நாய்.)

இந்த கேரம் போர்டை நல்லா பாத்துக்கோங்க மக்களே. காயின், ஸ்ட்ரைக்கர் எல்லாத்தையும் எடுத்து ஓரமா வெச்சாச்சு. அது மேல நிக்கிறவ பேரு ராணி. பெங்களூரு அல்சூர்ல எங்க பக்கத்து வீட்டு அக்கா வளர்க்கிற பீகிள். இவ்வளவு இடத்துல ஒரு நாயை வருஷக்கணக்கா அடைச்சு வெச்சு, குட்டி போட வெச்சு விக்கலாம், கூண்டு அளவு சட்டப்படி சரியாத்தான் இருக்குன்னு சொல்ற ஒரு பெரிய பணக்கார நாடு இருக்கு. எந்த நாடுன்னு சொல்றேன். நம்ம நாட்டுல ஒருத்தர் இதைவிட மோசமா அடைச்சு வெச்சு, முதல் தடவையா மாட்டி, கோர்ட்ல குற்றமும் நிரூபணம் ஆச்சுன்னா, அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? 50 ரூபாய். பெங்களூருல ரெண்டு பேர் உக்காந்து டிபன் சாப்பிட அது பத்தாது. அந்தக் கூண்டுல பொறந்த ஒரு குட்டி இருபதாயிரம், முப்பதாயிரத்துக்குப் போகுது.

வணக்கம். வீட்டுக்கு ஒரு குட்டி வாங்கலாம்னு நினைக்கிற எல்லாரும் இதைக் கடைசி வரைக்கும் பாருங்க.

முதல்ல ராணி கதை. குட்டி போட வைக்கிறதுக்குன்னே ஒரு கென்னல்ல, அதாவது நாய்ப் பண்ணையில, வெச்சிருந்த நாய் இவ. இனிமே குட்டி போட மாட்டான்னு தெரிஞ்சதும் வெளிய தள்ளிட்டாங்க. அக்கா தூக்கிட்டு வந்த முதல் வாரம் நான் தினமும் போய் பாத்தேன். ஹால் முழுக்க இடம் இருக்கு, ஆனா இவ ஒரு மூலையில நின்ன இடத்துலயே சுத்திக்கிட்டு இருப்பா. ரெண்டடி போவா, திரும்புவா, மறுபடி ரெண்டடி. அந்த ரெண்டடியிலதான் கூண்டோட சுவர் இருந்திருக்கணும்னு எனக்குத் தோணுச்சு. கீழ பார்க்ல புல்லு மேல விட்டா காலைத் தூக்கிக்கிட்டு நடுங்குவா. இவளுக்கு மட்டும் இப்படின்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல இந்த மாதிரி கென்னல்கள்ல இருந்து வீடுகளுக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை வெச்சு 2011-ல ஒரு ஆய்வு வந்துச்சு. சாதாரண வீட்டு நாய்களோட ஒப்பிட்டா பயமும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யற பழக்கமும் இதுங்களுக்கு ரொம்ப அதிகம்னு அதுல தெரிஞ்சுது.

இப்ப கேரம் போர்டுக்கு வருவோம். அந்த நாடு அமெரிக்காதான். அங்க 1966-ல இருந்து விலங்கு நலச் சட்டம் ஒண்ணு இருக்கு. வியாபாரத்துக்காக நாய் வளர்க்கிற லைசென்ஸ் கென்னல்கள்ல கூண்டு எவ்வளவு பெருசா இருக்கணும்னு அதோட விதிகள்ல ஒரு ஃபார்முலாவே இருக்கு. முதல் தடவை படிச்சப்ப நம்ப முடியாம மூணு தடவை படிச்சேன்.

(திரையில்: தையல் டேப்பால் ராணியை அளக்கும் காட்சி.)

நாயோட மூக்கு நுனியில இருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் இன்ச்ல அளக்கணும். அக்காவோட தையல் டேப் வெச்சு ராணியை அளந்தோம், 24 இன்ச். அதோட ஆறைக் கூட்டுங்க, 30. முப்பதை முப்பதால பெருக்குங்க, 900. அதை 144-ஆல வகுத்தா 6.25. அவ்வளவுதான் கணக்கு, ஆறேகால் சதுர அடி. ரெண்டரை அடி நீளம், ரெண்டரை அடி அகலம். இப்ப நம்ம கேரம் போர்டு. காய் ஓடுற பலகை மட்டும் 74 சென்டிமீட்டர் சதுரம், அதாவது 29 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல. ஓரக்கட்டையில ஒரு துளி சேத்துக்கிட்டா, ராணிக்குச் சட்டம் கொடுக்கிற முழு உலகமும் இதுதான்.

நிக்கலாம், திரும்பலாம், சுருண்டு படுக்கலாம். ஓட முடியாது. உயரம்? நிமிர்ந்து நிக்கிறப்ப தலைக்கு மேல ஆறு இன்ச் இருந்தா போதும். உங்க செல்போன் அளவுக்குத்தான் அந்த இடைவெளி. யாராவது வந்தா நாய் ஆசையா முன்னங்காலைத் தூக்கி மேல தாவுமே, அதுக்குக்கூட வழியில்ல. தரை கம்பி வலையா இருக்கலாம். கம்பி ஒரு அளவுக்குக் கனமா இருக்கணும், இல்லேன்னா மேல பூச்சு இருக்கணும், ஓட்டை வழியா கால் உள்ள போகக் கூடாது.

இன்னொண்ணு கேளுங்க, இதுதான் என்னைத் தூங்க விடாத வரி. நாய்க்கு நடக்க, ஓட வாய்ப்பு கொடுக்கணும்னு அதே விதிகள் சொல்லுது. நல்ல விஷயம். ஆனா தனியா அடைச்சிருக்கிற நாயோட கூண்டு இந்தக் குறைந்தபட்ச அளவைப்போல ரெண்டு மடங்கு இருந்துட்டா அந்தக் கட்டாயம் கிடையாது. அதாவது ரெண்டு கேரம் போர்டைப் பக்கத்துல பக்கத்துல போட்டுட்டா, நாயை வெளிய விடவே வேண்டாம். சில மாநிலங்கள்ல இதைவிடக் கண்டிப்பான சட்டம் உண்டு. ஆனா மத்திய அரசோட அளவுகோல் இதுதான்.

மிசௌரி மாநில மக்கள் 2010-ல ஓட்டு போட்டு, ஒரு கென்னல்ல 50 இனப்பெருக்க நாய்களுக்கு மேல கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்தாங்க. அடுத்த வருஷமே அந்த மாநில சட்டசபை அந்த உச்சவரம்பைத் தூக்கிடுச்சு.

சரி, நம்ம ஊரு. 1960-ல வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். இதுக்கு விதை போட்டது ஒரு தமிழ்ப் பெண். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபா நியமன உறுப்பினரா இருந்தப்ப தனிநபர் மசோதாவா இதைக் கொண்டு வந்தாங்க. அரசாங்கமே சட்டம் கொண்டு வரும்னு நேரு சொன்ன பிறகு அதை வாபஸ் வாங்கினாங்க. 1962-ல விலங்கு நல வாரியம் அமைஞ்சது, சென்னையிலதான். 2018-லதான் அது ஹரியானாவுக்குப் போச்சு.

அந்தச் சட்டத்தோட 11-ஆவது பிரிவைப் படிச்சுப் பாருங்க. நகர இடமில்லாத கூண்டுல விலங்கை அடைக்கிறது கொடுமைன்னு இருக்கு. அதுக்குக் கொஞ்சம் கீழயே நாயைப் பேர் சொல்லியே ஒரு வரி. எப்பவும் கட்டியோ அடைச்சோ வெச்சிருக்கிற நாயை நியாயமான அளவுக்கு நடமாட விடாட்டி அது குற்றம். 1960-லயே எழுதியிருக்காங்க! எழுதினவங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை வந்துச்சு. ஆனா அபராதம்? முதல் தடவை 10-ல இருந்து 50 ரூபாய். மூணு வருஷத்துக்குள்ள மறுபடி செஞ்சா 25-ல இருந்து 100 ரூபாய், இல்ல மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். 1960-ல 50 ரூபாய் வலிச்சிருக்கும். அந்த எண்ணை இன்னிக்கு வரைக்கும் மாத்தல. கூண்டுல அடைச்ச குற்றத்துக்கு போலீஸ் வாரண்ட் இல்லாம கைது பண்ணவும் முடியாது. வழக்கு போடணும்னா மூணு மாசத்துக்குள்ள போடணும். பூட்டின கேட்டுக்குள்ள நடக்கிறது வெளிய தெரியறதுக்கே எத்தனை மாசம் ஆகும், நீங்களே சொல்லுங்க.

2015-ல சட்ட ஆணையம் நாய் பிரீடிங் பத்தி அறிக்கை கொடுத்துச்சு, 2017-ல மத்திய அரசு தனி விதிகள் போட்டுச்சு. விதிகள் உண்மையிலேயே நல்லா இருக்கு. பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும். எட்டு வாரத்துக்குக் கீழ இருக்கிற குட்டியை விக்கக் கூடாது. தாய்க்கு 18 மாசம் ஆகறதுக்கு முன்னாடி மேட்டிங் கூடாது, எட்டு வயசுக்கு மேலயும் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துதான், ஆயுசுக்கே அஞ்சுதான். அந்த அஞ்சு ஏன் முக்கியம்னா, பெண் நாய் ஏறக்குறைய ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஹீட்டுக்கு, அதாவது இணைசேரும் பருவத்துக்கு, வரும். ஒவ்வொரு தடவையும் மேட்டிங் பண்ண வெச்சா எட்டு வயசுக்குள்ள பன்னெண்டு, பதிமூணு ஈத்து கூட ஆயிடும். கர்ப்பம் ஒண்ணு ஒன்பது வாரம், அப்புறம் பால் குடுக்கணும். உடம்பு தேறுறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும்.

இந்த விதிகளை மீறினா அபராதம் எவ்வளவு? அந்த 1960 சட்டத்துல விதிமீறலுக்குன்னு சொன்னதுதான்: 100 ரூபாய் வரைக்கும், இல்ல மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். பதிவை ரத்து பண்ணலாம். ஆனா பதிவே பண்ணாதவர்கிட்ட எதை ரத்து பண்ணுவீங்க? அபராதத்தை ஏத்தணும்னு உச்ச நீதிமன்றமே 2014-ல சொல்லிச்சு. ஆமா, அதே ஜல்லிக்கட்டு தீர்ப்புலதான். அந்தத் தீர்ப்பு மேல உங்களுக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம், எனக்கும் சண்டை போட நிறைய இருக்கு. ஆனா இந்த ஒரு வரியில நீதிபதிகள் சொன்னது நூத்துக்கு நூறு சரி. 2022-ல மத்திய அரசு ஒரு திருத்த வரைவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டுச்சு. நான் இதைப் பதிவு பண்ற வரைக்கும் அது சட்டமாகல.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச சட்டம். பேரு லூசி சட்டம். வேல்ஸ்ல ஒரு நாய்ப் பண்ணையில இருந்து 2013-ல மீட்ட ஒரு சின்ன ஸ்பானியல் நாய் லூசி. கூண்டுலயே கிடந்து முதுகெலும்பு வளைஞ்சு போயிருந்துச்சு. அவளை எடுத்து வளர்த்த பெண்மணி போட்டோக்களை ஃபேஸ்புக்ல போட, ஊரே அந்த நாயைத் தெரிஞ்சுக்கிச்சு. 2016 டிசம்பர்ல லூசி இறந்துட்டா. 2020 ஏப்ரல்ல இங்கிலாந்துல அவ பேர்ல சட்டம் வந்துச்சு. ஆறு மாசத்துக்குக் கீழ இருக்கிற குட்டியைக் கடைக்காரரோ புரோக்கரோ விக்கக் கூடாது, வளர்த்தவர்கிட்டதான் நேரா வாங்கணும். குட்டி தாயோட இருக்கிறதைக் காட்டித்தான் விக்கணும்.

இந்த ஒரு விதி இங்க வந்தாலே பாதி மோசடி நின்னுடும்னு நான் நம்பறேன். ஏன்னா குட்டியைக் குளிப்பாட்டி, ரிப்பன் கட்டி, எந்த ஏசி ரூம்லயும் வெச்சுக் காட்டிடலாம். வருஷக்கணக்கா கூண்டுல கிடந்த தாயை அப்படி ஜோடிச்சுக் காட்ட முடியாது. மடி தொங்கி, முடி கொட்டி, ஆளைப் பாத்ததும் பதுங்கும். நம்ம நாட்டுல பெட் ஷாப் மூலமா விக்க 2018 விதிகள்லயே இடம் இருக்கு. கடை பதிவு பண்ணியிருக்கணும், அவ்வளவுதான். தாயை நீங்க பாக்கவே போறதில்ல.

அதனால சட்டம் வர்ற வரைக்கும் நீங்களே கேளுங்க. "தாயைக் காட்டுங்க, அது இருக்கிற இடத்துலயே பாக்கணும்." இந்திராநகரா இருந்தாலும் சரி, ஒசூர் ரோட்டுல பண்ணை வீடா இருந்தாலும் சரி, நேர்ல போங்க. "மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல கொண்டு வந்து கொடுக்கிறோம் சார்"னு சொன்னா வாங்காதீங்க. பதிவு சர்டிபிகேட்டைக் கேளுங்க. எட்டு வாரம் ஆச்சான்னு தடுப்பூசி அட்டையில தேதி பாருங்க. பார்வோ வைரஸ் தொத்தின குட்டி வாங்கின அன்னிக்கு நல்லாத்தான் துள்ளும், சில நாள் கழிச்சுதான் வாந்தியும் ரத்தபேதியும் ஆரம்பிக்கும். பரிதாபப்பட்டு "பாவம், இதையாவது காப்பாத்துவோம்"னு காசு கொடுத்து வாங்குறவங்க நிறைய பேர். உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா அந்தக் காசுலதான் உள்ள இருக்கிற தாய்க்கு அடுத்த மேட்டிங் நடக்குது. அந்த இடத்தை போட்டோ எடுத்து, தேதி குறிச்சு, மாநில விலங்கு நல வாரியத்துக்கு எழுத்துல புகார் கொடுங்க. மூணு மாசக் கெடு ஞாபகம் இருக்கட்டும்.

உங்க வீட்டுல வாங்கின நாய் இருந்தா, அதோட அம்மாவைப் பாத்தீங்களா? கேட்டப்ப என்ன பதில் சொன்னாங்க? ஆள் பேரு, கடை பேரு வேண்டாம், சொன்ன காரணத்தை மட்டும் கமெண்ட்ல எழுதுங்க. அதையெல்லாம் தொகுத்து வாரியத்துக்கு ஒரு மனு அனுப்பப் போறேன், நீங்களும் கையெழுத்து போடணும்.

(திரையில்: ராணி கேரம் போர்டை விட்டு இறங்கி வாசல் பக்கம் போகிறாள்.)

அக்கா கீழ இருந்து கூப்பிடறாங்க, ராணிக்கு வாக்கிங் நேரம். பார்க்ல இப்ப புல்லு ஓரம் வரைக்கும் வர்றா.