மாத்திரைக்கு முட்டி எங்க இருக்குன்னு தெரியுமா?

[காட்சி: ஊட்டியில ஒரு தைலக் கடை. தட்டு முழுக்க சின்னச் சின்ன பாட்டில்கள்.]

குரல்: ஊட்டிக்கு வந்துட்டு நீலகிரித் தைலம் வாங்காம திரும்பறவங்க குறைவு. அதே கடையில விண்டர்கிரீன் தைலம்னு இன்னொரு பாட்டில் இருக்கும். மூடியைத் திறந்தா வலிக்குத் தடவற களிம்பு வாசனை. உள்ள இருக்கற சரக்கும் அதேதான், மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்கு நெருங்கின சொந்தம். நீலகிரித் தைலம் தர்ற யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த மரம். விண்டர்கிரீன் செடி நம்ம மலையிலயே தானா முளைக்கறது.

கோத்தகிரியில எங்க அத்தை தேயிலை பறிச்சுட்டு வந்து ராத்திரி முட்டியில இதைத்தான் தேய்ப்பாங்க. ஒரு நாள் ஆஸ்பிரினும் போட்டுக்கிட்டு கேட்டாங்க: "ஏன்டா, தைலத்தை முட்டியில தேய்ச்சேன், சரி. மாத்திரை வயித்துக்குத்தானே போச்சு? அதுக்கு முட்டி எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

தெரியாது அத்தை.

[காட்சி: இரைப்பை, சிறுகுடல், கல்லீரல் படம்]

மாத்திரை கரைஞ்சு, இரைப்பை, சிறுகுடல் வழியா ரத்தத்துல சேருது. முதல்ல கல்லீரலைத் தாண்டணும். அங்க செக்போஸ்ட் மாதிரி கொஞ்சம் பிடிச்சுக்கிட்டுத்தான் விடும். மிச்சம் ரத்தம் போற இடமெல்லாம் போகும். முட்டி அதுல ஒண்ணு, அவ்வளவுதான்.

அடிபட்ட இடத்துல புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் உருவாகி வலியைக் கூட்டும். அதைச் செய்யற நொதி சைக்ளோஆக்சிஜனேஸ். ஆஸ்பிரின் அந்த நொதியோட வாசலை அடைச்சுடுது. இதை 1971ல வெளியிட்டவர் ஜான் வேன்ங்கற பிரிட்டிஷ் விஞ்ஞானி. 1982ல நோபல் வாங்கினார். சிக்கல் என்னன்னா, இரைப்பைச் சுவரை அமிலத்துல இருந்து காப்பாத்தறதும் புரோஸ்டாகிளாண்டின்தான். அங்கயும் வாசல் அடைபடும். வயிறு எரியும், சிலருக்குப் புண்ணே வரும்.

[காட்சி: ரத்தத் தட்டணுக்கள்]

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. ரத்தத்துல ஆஸ்பிரின் பாதியாகக் குறைய 15லிருந்து 20 நிமிஷம் போதும். ஆனா ரத்தம் உறைய உதவற தட்டணுக்கள் மேல அதோட வேலை ஒரு வாரம் நிக்கும். எப்படி? போறதுக்கு முன்னாடி நொதி மேல ஒரு அசிட்டைல் துண்டை ஒட்டிட்டுப் போயிடுது. அது கழலாது. மத்த செல்கள் புது நொதி செஞ்சுக்கும். தட்டணுவுக்கு உட்கரு இல்ல, செஞ்சுக்க வழியில்ல. அதோட ஆயுசு 7லிருந்து 10 நாள். அது வரைக்கும் ரத்தம் உறையறதுல அதால முழுசா பங்கெடுக்க முடியாது. அதனாலதான் இதய நோயாளிக்கு ரத்தம் கட்டாம இருக்க தினம் 75 மில்லிகிராமே போதுமானதா இருக்கு. டெங்குவா இருக்குமோங்கற காய்ச்சல்ல ஆஸ்பிரின் கூடாதுன்னு டாக்டர் சொல்றதும் இதனாலதான்.

[காட்சி: மறுபடி தைல பாட்டில்]

தைலம் தோல் வழியா இறங்குது. பெரும்பகுதி தேய்ச்ச இடத்துப் பக்கத்துலயே வேலை செய்யும், கொஞ்சம் ரத்தத்துக்கும் போகும். மேல சூடு ஒத்தடம் கொடுத்தா இன்னும் கூடுதலா போகும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தேய்க்கக் கூடாது, ரத்தக்கசிவு வரலாம்.

குடிச்சுட்டா? 5 மில்லி, ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 300 மில்லிகிராம் மாத்திரை இருபதுக்கு மேல! வாசனையோ மிட்டாய் மாதிரி. சின்னக் குழந்தைக்கு அந்த ஒரு டீஸ்பூனே எமன்.

அத்தை வீட்டுல அந்த பாட்டில் இருமல் மருந்துக்குப் பக்கத்துல, பேரன் கைக்கு எட்டற உயரத்துல இருந்தது. எடுத்துப் பரண்ல வச்சேன். "முட்டி வலிக்கு மருந்தைப் பரண்ல வச்சா, எந்த முட்டியை வச்சு ஏறி எடுக்கறது?"ன்னு இன்னும் திட்டு விழுது.