6 நிமிஷத்தில் மழுங்கும் டூல் ஜெயிப்பது எப்படி? மேனுஃபேக்சரிங் இன்ஜினியரிங்கில் மாஸ்டர்ஸ்

ஒரே லேத், ஒரே கார்பைடு டூல் (உலோகத்தைச் சீவும் மிகக் கடினமான முனை). மெதுவாக ஓட்டினால் டூல் 60 நிமிஷம் தாங்கும். வேகத்தை ஏற்றினால் 6 நிமிஷத்தில் முனை மழுங்கிவிடும். மழுங்கினால் நிறுத்தி மாற்ற 2 நிமிஷம். ஒரு ஷிப்டில் எது அதிக உலோகத்தைச் சீவித் தள்ளும்? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு பதிலை முடிவு செய்யுங்கள்.

செய்தாச்சா? சரி. மேனுஃபேக்சரிங்கில் மாஸ்டர்ஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு. மெக்கானிக்கல், புரொடக்‌ஷன், மெட்டீரியல்ஸ் முடித்தவர்கள் வருவார்கள். மெஷினிங், வெல்டிங், அளவியல், ரோபோ, தரக் கட்டுப்பாட்டுப் புள்ளியியல், 3டி பிரின்டிங் எல்லாம் பாடத்தில் இருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

(திரையில்: வேகம் × ஆயுளின் n அடுக்கு = மாறிலி)

அமெரிக்க இன்ஜினியர் எஃப். டபிள்யூ. டெய்லர் 1907இல் அச்சிட்ட சூத்திரம் இது. 26 வருஷச் சோதனை, அதற்காகச் சீவித் தள்ளிய இரும்பும் எஃகும் மட்டும் சுமார் 360 டன்! n என்பது டூல் எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்த ஒரு எண். கார்பைடுக்கு அது ஏறக்குறைய 0.25 என்று வைத்தால், ஆயுள் 60இலிருந்து 6 நிமிஷமாகக் குறைய வேகத்தை 1.78 மடங்கு ஏற்றினாலே போதும். பத்து மடங்கு ஆயுளைக் கொடுத்து வாங்குவது இரண்டு மடங்கு வேகம்கூட இல்லை, நஷ்டம் என்றுதானே தோன்றுகிறது? ஆனால் மெதுவான டூல் 62 நிமிஷத்தில் 60 நிமிஷம் வெட்டுகிறது, வேகமானது 8 நிமிஷத்தில் 6 நிமிஷம் வெட்டுகிறது. மெதுவான வேகத்தை 1 என்றும் ஏற்றிய வேகத்தை 1.78 என்றும் வைத்து, வெட்டும் நேரத்தின் பங்கோடு பெருக்கிப் பாருங்கள், 0.97க்கு எதிராக 1.33. வேகமான டூல் சுமார் 38 சதவீதம் அதிகமாகச் சீவுகிறது! இன்னும் வேகம் ஏற்றி ஆயுளை 2 நிமிஷமாக்கினால் 1.17க்கு இறங்கிவிடும். அந்த 6 நிமிஷம்தான் உச்சி.

அப்புறம் காசு உள்ளே வருகிறது. வேகமாக ஓட்டினால் அதே ஷிப்டில் கிட்டத்தட்ட எட்டு மடங்கு முனைகள் செலவாகும், அதனால் செலவு குறைவான வேகம் எப்போதும் உச்ச உற்பத்தி வேகத்துக்குக் கீழேதான் இருக்கும். எவ்வளவு கீழே என்பதை மெஷினின் ஒரு நிமிஷ வாடகையும் முனையின் விலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. உலோகத்தின் இயற்பியலும் கணக்குப் புத்தகமும் ஒரே சமன்பாட்டில் மோதுகிற இந்த இடம்தான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது.

இளநிலையில் n மதிப்பைப் புத்தகம் கொடுத்துவிடும். மாஸ்டர்ஸில் அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சம் வெட்டி, நிறுத்தி, மைக்ராஸ்கோப்பில் முனையின் பக்கவாட்டுத் தேய்மானம் 0.3 மில்லிமீட்டரைத் தொட்டதா என்று பார்த்து, மறுபடி வெட்டி, இதையே பல வேகங்களில் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இன்னொரு டூல் பொருளான ஹைஸ்பீடு ஸ்டீலில் n ஏன் கார்பைடில் பாதியாக இருக்கிறது, வெப்பம் முனையை என்ன செய்கிறது என்பதெல்லாம் அங்கேதான் உறைக்கும்.

3டி பிரின்டிங்குக்காக மட்டும் சேர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அச்சிட்ட உலோகப் பாகம் பெரும்பாலும் வெப்பப் பதப்படுத்தலுக்கும் மெஷினிங்குக்கும் போய்த்தான் தீரும், பழைய பாடங்களை ஒதுக்காதீர்கள்.

எங்கே சேருவது? தரவரிசையைவிட, மாணவர் கையில் மெஷின் கிடைக்குமா என்று பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் 5-ஆக்சிஸ் (ஐந்து அச்சுகளில் நகர்ந்து வெட்டும்) மெஷினால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. அங்கே படிக்கும் ஒருவருக்கு எழுதி, தீசிஸுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் மெஷின் கிடைத்தது, டூல் செலவை யார் கொடுத்தார்கள், கைடு ஷாப் ஃப்ளோருக்கு வருவாரா என்று நேராகக் கேளுங்கள். வந்த பதிலைக் கமென்டில் போடுங்கள், சேரலாமா வேண்டாமா என்று சேர்ந்தே பார்ப்போம்.